பத்து நாள் முன்னால்

முப்பத்தோரு வருசம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த கை சுகந்தியுடையது. துணியை மேசையில் விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். ஓட்டை, விட்ட தையல், நூல் முடிச்சு எல்லாம் கண்ணுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். கேமரா வைத்த மெஷின் வந்து செக்கிங் செக்‌ஷனில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிய பிறகும், மெஷின் விட்டதைப் பிடிக்கவென்று அவளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட கைக்குத் தன் சொந்த மார்பில் வளர்ந்த கட்டி ஆறு மாதம் தெரியாமல் போனது. அந்த ஆற்றாமை அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

அந்தக் கைதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாபினின் விலாவில் வந்து நின்றது.

பாபின் வீட்டு நாய். பன்னிரண்டு வயது. கம்பெனியின் கழிவுத் துணி மூட்டைக்குள் கிடந்த குட்டியைச் சேலை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்தது சுகந்திதான். குட்டியாக இருந்தபோது நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பான் என்பதால் தையல் மெஷின் பாபினின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது சுற்றுவதெல்லாம் கிடையாது. கொஞ்ச மாதங்களாக முடி கொட்டி முதுகில் திட்டுத் திட்டாகத் தோல் தெரிகிறது. உண்ணி பிடிக்காமலிருக்க வாரம் ஒருமுறை வேப்பெண்ணெய் தடவ வேண்டும். சுகந்திக்கு வைத்தியம் ஆரம்பித்ததிலிருந்து, கிருமி பட்டுவிடும் என்று சொல்லி அந்த வேலையை அவள் கணவர் லோகநாதன் எடுத்துக்கொண்டார். நாயைத் தொடக்கூட விடமாட்டார். அன்றைக்கு அவர் காங்கயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். சரி, நாமே தடவுவோம் என்று சுகந்தி உட்கார்ந்தாள்.

இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குக் கீழே. எலுமிச்சங்காய் அளவு. கொழுப்புக் கட்டியானால் விரல் பட்டதும் தோலுக்கடியில் நழுவும். இது நழுவவில்லை. வேர் பிடித்ததைப்போல் அசையாமல் இருந்தது. பாபின் தலையைத் திருப்பி அவள் கையைப் பார்த்தான், பிறகு மறுபடி தரையில் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் தாம்பூலப் பையோடு உள்ளே வந்த லோகநாதனிடம் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள்.

"ஏனுங்க, பாபினுக்கு விலாவுல கட்டியாட்டம் இருக்குதுங்க. கல்லாட்டம் இருக்குது. நாளைக்கே டாக்டர்கிட்டக் கொண்டு போவோணும்."

லோகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மறுபடி கழற்றினார்.

"அவனை எதுக்குப் புள்ள தொட்டே? தொடவேண்டாமுன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"தொட்டது கெடக்கட்டும். வந்து பாருங்க."

"பாக்க என்ன இருக்குது. வயசான நாயிக்குக் கொழுப்புக் கட்டி வரத்தான் செய்யும். ஒண்ணும் ஆவாது."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நாயின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் பாபின் காதில் ஒரு உண்ணி ஏறிவிட்டது என்று லீவு போட்ட மனுசன் அவர். அந்த மனுசனா பார்க்காமலே கொழுப்புக் கட்டி என்கிறார்? சுகந்தி அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய நோய்க்கு வைத்தியம் ஆரம்பித்து எட்டு மாதமாகிறது. மார்பிலிருந்ததை அறுத்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் அது ஈரலுக்குப் போயிருந்தது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மாத்திரைதான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் பயமுறுத்தி வைத்திருந்தார்கள், குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும், தலைமுடி மொத்தமும் போய்விடும் என்று. ஒன்றும் வரவில்லை. முடி அப்படியே இருந்தது. "சுகந்தியக்காவுக்கு உடம்பு இரும்புங்க" என்று தெருவே ஆச்சரியப்பட்டது. அவளுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான். கடைசி ஒன்றரை மாதமாகத்தான் வாயில் புண், உள்ளங்காலில் எரிச்சல். சொன்னால் லோகநாதன் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிடுவார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை லோகநாதன் பென்ஷன் விஷயம் என்று சொல்லிக் கோயம்புத்தூர் கிளம்பினார். அவர் தெருமுனை தாண்டியதும் சுகந்தி ஆட்டோவை வரவழைத்தாள். ஓட்டுநர் இல்லாத ஆட்டோ. செல்லப்பிராணி கடிக்குமா என்று அது மூன்று தரம் கேட்டது. "கடிக்கறதுக்கு அவனுக்குப் பல்லு எங்க இருக்குது, ஓட்டு சாமி" என்றாள். அது கிளம்பியது.

கால்நடை மருத்துவர் தன்ஷிகாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பாபினைக் குட்டியிலிருந்து பார்த்தவர் இவருடைய அப்பா. அவருக்குப் பிறகு கிளினிக் இவரிடம் வந்தது. கட்டியைத் தொட்டுப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். ஊசியைக் குத்திக் கொஞ்சம் உறிஞ்சி, சோப்பு டப்பா அளவிலிருந்த ஒரு பெட்டிக்குள் சொட்டு விட்டார்.

"அஞ்சு நிமிசத்துல என்ன கட்டின்னு சொல்லிரும், உக்காருங்கம்மா."

அஞ்சு நிமிசம் பத்தாயிற்று. டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டு மறுபடி குத்தினார். பிறகு ஊசிப் பாக்கெட்டையே புதிதாகப் பிரித்து மூன்றாவது தரம். பாபின் முனகவில்லை. சுகந்திக்குத்தான் ஒவ்வொரு குத்துக்கும் பல் கூசியது.

"என்னங்க டாக்டரம்மா, கெட்ட கட்டிங்களா?"

"கெட்டதுதான். ஆனா..." டாக்டர் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "முதல் வாட்டி, எடுத்த சாம்பிள்ல வேற ஏதோ கலந்திருச்சுன்னு சொல்லுச்சு. என்ற விரல் பட்டிருக்கும்னு நெனச்சேன். மூணு வாட்டியும் அதையேதான் சொல்லுது. அம்மா, இது நாயோட கட்டி இல்லீங்க. நாயோட உடம்புல இருக்குது, அவ்வளவுதான். இது மனுசக் கட்டி."

சுகந்திக்குப் புரியவில்லை. மனுசக் கட்டி நாய்க்கு எப்படி வரும்? தொட்டால் ஒட்டிக்குமா? தன்னிடமிருந்துதான் ஒட்டிக்கொண்டதோ? அதைக் கேட்டும்விட்டாள்.

"தானா ஒட்டிக்காதுங்க. ஆராச்சும் கொண்டுவந்து வெச்சாத்தான் உண்டு. நிழல் வைத்தியம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லீங்களே."

"புத்துநோய்க்கு இப்ப மருந்து நெறைய இருக்குது. எந்த மருந்து ஒருத்தருக்கு ஒத்துக்கும், எத்தனை அளவு தாங்கும்னுதான் தெரியாது. தப்பாப் போச்சுன்னா நோய்க்கு முன்னாடி மருந்தே ஆளைக் கொன்னுபோடும். அதனால அந்த ஆளோட கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து, அதே வீட்டுல, அதே தண்ணி குடிச்சு, அதே சோறு திங்கற ஒரு நாயோட உடம்புல வளத்துவாங்க. மருந்தைப் பத்து நாள் முன்னாடியே நாயிக்குக் குடுத்துப் பாப்பாங்க. கட்டி சுருங்குதா, நாய் தாங்குதான்னு பாத்து, அப்பறம்தான் மனுசருக்கு. அந்த நாயைத்தான் நிழல்னு சொல்றது."

"எங்க வீட்டு நாயிக்கு எதுக்குங்க..." என்று ஆரம்பித்த சுகந்தி பாதியில் நிறுத்தினாள்.

டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "இந்தச் சாம்பிளுக்கு ஒரு பதிவு இருக்குது. பூட்டி வெச்சிருக்காங்க. நான் மருத்துவருங்கறதால பேரை மட்டும் காட்டுது."

"ஆரு பேருங்க?"

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். லோ. சுகந்தி, 58, போயம்பாளையம், திருப்பூர்.

வீட்டுக்கு வந்து பாபினை இறக்கிவிட்டு, தானும் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். அடுப்புப் பற்ற வைக்கவில்லை. சாயங்காலம் லோகநாதன் வந்தபோது அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"பென்ஷன் ஆபீசுல என்ன சொன்னாங்க?" என்றாள் சுகந்தி.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன்."

"அவனோட கட்டி எத்தனை பெருசாயிருச்சுன்னு சொல்றதுக்கா? இல்ல, என்னோட கட்டின்னு சொல்லோணுமா?"

லோகநாதன் நின்றபடியே பேசினார். உட்கார அவருக்குத் தைரியம் வரவில்லை. ஈரலுக்குப் போய்விட்டது என்று தெரிந்த அன்று, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் மித்ரன் அவரைத் தனியாகக் கூப்பிட்டாராம். நிழல் இல்லாமல் இந்த மருந்தைக் கொடுத்தால் பத்துப் பேரில் மூன்று பேர் மருந்தாலேயே போயிருக்கிறார்கள், வீட்டில் நாய் இருக்கிறதா என்றாராம். தடுப்பூசி போடவென்று பாபினை இரண்டு நாள் கூட்டிப் போனாரே, அப்போதுதான் வைத்தார்கள். தினமும் காலையில் அவர் தன் கையால் பாபினுக்கு வைக்கிற இட்லிக்குள்தான் மருந்து.

"உனக்கு வரவேண்டிய வாந்தியெல்லாம் அவன் எடுத்தான் புள்ள. உன்ற முடி கொட்டாததுக்கு அவன் முடி கொட்டுச்சு. அவன் ஒவ்வொரு வாட்டி படுத்தப்பவும் அங்க உன்ற மருந்தை மாத்துனாங்க. எனக்குச் சந்தோசமாவா இருந்துச்சு? தெனமும் அவன் மூஞ்சில முழிக்கவே எனக்கு..."

சுகந்திக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. இட்லி என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டாள்.

"இட்லிக்குள்ளயா?"

"ஆமா."

"அய்யோ," என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்த இட்லியை அவன் தின்னே ஒன்றரை மாசம் ஆச்சுங்க."

நடந்தது இதுதான். அந்த இட்லியைத் தின்ற நாளெல்லாம் பாபின் வாந்தி எடுப்பதைச் சுகந்தி கவனித்தாள். புளித்த மாவு வயசான வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கஞ்சி வைக்கலாம் என்று ஒருநாள் சொன்னாள். முப்பத்திரண்டு வருசத்தில் ஒருதரம்கூடக் குரலை உயர்த்தாத லோகநாதன், "அவன் இட்லிதான் திங்கோணும்!" என்று கத்தினார். வயசானால் ஆம்பளைகளுக்கு இப்படித்தான் ஏதாவது ஒரு பிடிவாதம் வந்து தொலைக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் நடைபயிற்சிக்குக் கிளம்பியதும் தட்டிலிருந்த இட்லியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுக் காகிதத்தால் மூடிவிட்டு, பாபினுக்குக் கஞ்சி ஊற்றுவாள். அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுமுன் கேட்பார், "தின்னுட்டானா?" இவள் அடுப்படியிலிருந்தே சொல்வாள், "தின்னுட்டானுங்க." கம்பெனியில் ஒரு பீஸ் பழுதை நல்லதென்று அவள் தள்ளிவிட்டதில்லை. வீட்டில் ஒன்றரை மாதம், நாள் தவறாமல், தள்ளியிருக்கிறாள்.

லோகநாதன் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து கேக்கல, கட்டி வளந்துட்டே போவுதுன்னுதான் இன்னைக்கு வரச் சொன்னாங்க. திங்கக்கெழமையிலிருந்து வேற மருந்துக்கு மாத்தறாங்களாம். இதைவிடக் கடுமையாம். மருந்து கேக்காம எங்க புள்ள... உள்ள போவவே இல்லையே."

அன்று ராத்திரி இருவரும் சாப்பிடவில்லை. பாபின் மட்டும் கஞ்சியை வழித்து நக்கினான்.

வெள்ளிக்கிழமை மூவரும் கோயம்புத்தூர் போனார்கள். டாக்டர் மித்ரன் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் சுகந்திக்குச் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நாங்க எதையும் மறைக்கலைங்கம்மா," என்றார். "நீங்க கையெழுத்துப் போட்ட படிவத்துல முப்பத்தேழாம் பக்கம் எல்லாம் இருக்கு."

"நானு மொதப் பக்கத்துலயே கையெழுத்தைப் போட்டுட்டனுங்க, சாமி. ஆரு முப்பத்தேழு வரைக்கும் வந்தா?"

பிறகு இட்லிக் கதையைச் சொன்னாள். ஒளிக்காமல், தன் வாயாலேயே. டாக்டர் திரையில் ஒரு கோட்டை விரலால் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார்.

"நாய் வாந்தி எடுக்கல, நல்லாச் சாப்பிடுதுன்னு உங்க வீட்டுக்காரர் தினமும் எழுதி அனுப்பினார். சரி, தாங்குதுன்னு நாங்க உங்க அளவை மூணு தடவை கூட்டியிருக்கோம். இந்த ஒன்றரை மாசத்துல உங்களுக்கு எதுவுமே இல்லையா?"

சுகந்தி லோகநாதனைப் பார்க்காமல் வாயைத் திறந்து காட்டினாள். கன்னத்தின் உள்பக்கம் முழுக்கப் புண். லோகநாதன் எட்டிப் பார்த்துவிட்டு, அடிபட்டவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் வழியைச் சொன்னார். ஒன்றரை மாதக் கணக்கு மொத்தமும் செல்லாது. இன்றைக்கே பாபினுக்குப் பழைய மருந்தை ஊசியாகப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு மூன்று மாதம். தன்ஷிகா கொடுத்த அறிக்கையும் அவர் மேசைமேல் இருந்தது. நாயின் சிறுநீரகம் பாதி போய்விட்டது. கட்டியை இப்போது எடுத்துவிட்டால் இரண்டு வருசமாவது இருப்பான், மருந்தைத் தொடர்ந்தால் மூன்று மாதத்தைத் தாண்டமாட்டான்.

"கட்டியை எடுத்துட்டா எனக்கு?" என்றாள் சுகந்தி.

"உங்களுக்கு நிழல் இருக்காது. அதே கட்டியை வேற நாய்க்கு வைக்கலாம்னா, உங்க வீட்டுலயே வருசக்கணக்குல வளர்ந்த உடம்பா இருக்கணும். வெளி நாய் சொல்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நிழல் இல்லாம நான் அளவை ஊகத்துலதான் போடணும். கண்ணைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டற மாதிரி."

"எடுத்துருங்க."

"சும்மா இரு புள்ள!" லோகநாதன் எழுந்தேவிட்டார். "டாக்டர், அவ சொல்றதைக் கேக்காதீங்க. நாயிங்க அது. எனக்கும் அவன்னா உசுருதான், இல்லைங்கல. ஆனா இவளும் அவனும் ஒண்ணா?"

"அவங்கிட்ட ஆராச்சும் கேட்டீங்களா?"

"நாயிகிட்ட எப்படிக் கேக்கறது?"

"என்கிட்டக் கேட்டிருக்கலாமல்ல?"

"கேட்டிருந்தா நீ வேண்டாம்னிருப்பே!"

"ஆமா," என்றாள் சுகந்தி. "அதுக்குத்தானுங்க கேக்கறது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சுகந்தி படிவத்தை வாங்கி முப்பத்தேழாம் பக்கத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நிழலை விடுவிக்க நோயாளியே கையெழுத்துப் போட்டால் போதும் என்றிருந்தது. போட்டாள். லோகநாதன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. அவளுக்கும் அழுகை வந்தது, ஆனால் டாக்டர் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டாள். சாவுக்கு அவள் பயப்படாதவளில்லை. போன மாதம்தான் ஈரோட்டில் இருக்கும் மகளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அந்தக் குழந்தையைத் தூக்கிப் பார்க்காமல் போய்விடுவோமோ என்று அவளுக்குத் தினமும் பயம்தான்.

சனிக்கிழமை தன்ஷிகாவின் கிளினிக்கில் அறுவை சிகிச்சை நடந்தது. எடுத்த கட்டி ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாம், படிவத்தில் அதுவும் இருந்தது. ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து அன்றைக்கே ஒப்படைக்க வேண்டும். லோகநாதன் டப்பாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். சுகந்தி பாபின் பக்கத்திலேயே இருந்தாள். மயக்கம் தெளிந்ததும் அவன் வாலை ஒருதரம் தரையில் தட்டினான். அவளுக்கு அது போதுமாயிருந்தது. லோகநாதன் வீடு திரும்பும்போது விளக்கு வைத்து நேரமாகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டம் என்றார். களைப்பாகத் தெரிந்தார். அவளிடம் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து அவள் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் மருந்தை நிறுத்திவைத்து, வாய்ப்புண் ஆறியதும் மறுபடி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாபினுக்குத் தையல் பிரித்தார்கள். முதுகின் வழுக்கைத் திட்டுகளில் பொசுபொசுவென்று முடி முளைக்கத் தொடங்கியது. ஒருநாள் காலையில் பால் பாக்கெட் போடுகிறவனைப் பார்த்துக் குரைத்தான். எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! சுகந்தி அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தாள்.

மருந்து ஆரம்பித்த நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து செல்பேசிக்கு அளவு வந்தது. மறுநாள் குறைத்து வந்தது. மூன்றாம் நாள் கூடவே இன்னொரு மாத்திரையைச் சேர்த்திருந்தார்கள், குமட்டலுக்காம். சுகந்திக்குக் குமட்டல் எதுவும் இல்லை. ஊகத்தில் போடுகிறேன் என்றவர் இவ்வளவு நுணுக்கமாக எதை வைத்து மாற்றுகிறார்? அவளுக்கு வாய்ப்புண் திரும்ப வரவில்லை, காலெரிச்சல் இல்லை. டாக்டர் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனவள், பாத்ரூம் கதவின் முன்னால் பாபின் நிற்பதைப் பார்த்தாள். மூக்கைக் கதவிடுக்கில் வைத்து முகர்ந்துகொண்டு, வாலைக் காலிடுக்கில் செருகி நின்றான். உள்ளே குழாய் முழுவேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. லோகநாதன் சொட்டுத் தண்ணீரை வீணாக்காதவர். பல் தேய்க்கும்போதுகூட அவள் குழாயை மூடவில்லை என்று திட்டுவார். சுகந்தி கதவில் காதை வைத்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

குழாய் நின்றது. கதவு திறந்தது. முகத்தில் தண்ணீர் சொட்ட நின்ற லோகநாதன் அவளைக் கண்டதும், "பித்தம் புள்ள. நேத்து வடை தின்னது," என்றார்.

"சட்டையைக் கழட்டுங்க."

"என்னத்துக்கு?"

"கழட்டுங்கன்னு சொல்றனல்ல."

அவர் கழற்றவில்லை. அவளே பட்டனைப் பிய்க்காத குறையாக அவிழ்த்தாள். இடது விலாவில், கடைசி எலும்புக்குக் கீழே, ஒரு சின்ன பிளாஸ்திரி. சுற்றிலும் தோல் சிவந்திருந்தது.

"நாயிதான் இருக்கோணும்னு இல்லியாம்," என்றார் லோகநாதன், தரையைப் பார்த்தபடி. "கூடவே வாழற உடம்பா இருந்தாப் போதுமாம். மனுசன்கிட்டக் கேக்கறது மொறையில்லைன்னு அவங்களாக் கேக்கறதில்லையாம். நாந்தான் கேட்டேன். அன்னைக்கு டப்பாவுல கொண்டுபோனதிலிருந்தே ஒரு துளி எடுத்து வெச்சுட்டாங்க. எதுவும் தப்பாப் போனா எடுத்துருவாங்க. பத்து நாள்தான் நான் முன்னாடி."

சுகந்திக்கு வந்த கோபத்தில் பேச்சு குழறியது. "உங்களுக்கு அறிவிருக்குதா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? அறுபத்திரண்டு வயசுல..." அவர் நெஞ்சில் கையால் குத்தினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது குத்து பிளாஸ்திரி பக்கம் போய்விடுமோ என்று கையை இழுத்துக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"கேக்கலைன்னு சொன்னியல்ல," என்றார் அவர். "இந்த வாட்டி கேட்டுட்டுத்தான் பண்ணினேன். என்னைய நானே கேட்டேன். சரின்னேன்."

"என்னையக் கேட்டீங்களா?"

அவர் சட்டைப் பட்டனைப் போட ஆரம்பித்தார்.

உள்ளங்கையில் இருந்த மாத்திரை வியர்வையில் நனைந்திருந்தது. சுகந்தி அதைப் பார்த்தாள். தூக்கி எறிந்தால் அவர் பட்டதெல்லாம் வீண். விழுங்கினால், அவர் பட்டதைத்தான் விழுங்குகிறாள். நாய்க்காக ஒரு கையெழுத்துப் போட்டு விடுவிக்க முடிந்தது. நிழல் மனுசனாக இருந்தால் அவனேதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதே முப்பத்தேழாம் பக்கத்தில் இருந்ததை அவள் வாசித்திருந்தாள். ஏன் அப்படி ஒரு வரி இருக்கிறது என்று அன்றைக்கு யோசிக்கவில்லை. இந்த மனுசன் போடமாட்டார். செத்தாலும் போடமாட்டார்.

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள்.

லோகநாதன் முகம் திடீரென்று மாறியது. வாயை இறுக மூடிக்கொண்டு பாத்ரூமுக்குள் திரும்பினார். கதவைச் சாத்தக் கை நீட்டினார், இன்னொரு கை குழாயைத் தேடியது.

"கொழாயைத் தொறக்காதீங்க," என்றாள் சுகந்தி. "கதவையும் சாத்த வேண்டாம். இனிமே எடுக்கறதை என்ற கண்ணு முன்னாடி எடுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய், குனிந்திருந்த அவருடைய நெற்றியை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.